கண்ணால் அளந்த வெளிச்சம்

என் அக்கா பிரோஷ்காவின் கணவர் வில்மோஷ், மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். இருபது வருடம் வெயில் தின்ற சுவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பார். அரைக் கரண்டி மஞ்சள், ஒரு சொட்டுக் கறுப்பு, அவ்வளவுதான். காய்ந்த பிறகு எது பழைய சுவர், எது இவர் ஒட்டுப் போட்ட இடம் என்று வீட்டுக்காரனுக்கே தெரியாது. நிற அட்டை என்ற ஒன்றை அவர் கையில் நான் பார்த்ததே இல்லை. "அட்டைய பாத்து அடிக்கறவனுக்கு எதுக்குடா ரெண்டு கண்ணு?" என்பார். எப்போதும் சரியாகவே சொல்கிற மனிதரோடு இருபத்தாறு வருடம் உறவாக இருப்பது லேசு இல்லை. ஒரு தடவையாவது இவருக்குத் தப்பாகட்டும் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. அந்த ஆசைக்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

எட்டாவது மாடியில் இருக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருக்கிறது. நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர், அதற்குள் உயிருள்ள பவளங்கள். எங்கள் ஊரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். மாதம் ஒரு முறை பியர்க் கடையில் கூடி, யார் வீட்டில் எது செத்தது, எது பிழைத்தது என்று பேசுவோம். அக்கா அதை மாதாந்திரத் துக்க விசாரிப்பு என்பாள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி இபோயா அக்கா. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். போன இலையுதிர் காலத்தில், கிராஸ் நகரத்தில் ஒரு கிழத் தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து ஆஸ்திரியாவுக்குக் கிளம்பினாள். தொட்டியை விற்றுவிட்டாள். மீன்களை விற்றுவிட்டாள். ஒன்றே ஒன்றை மட்டும் விற்க மனம் வரவில்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு வாங்கி, பதினொரு வருடம் வளர்த்து, பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்த பவளம் அது. உடம்பெல்லாம் பச்சை, கிளை நுனியெல்லாம் ஊதா. அதை வாளியில் வைத்து, வாளியை மடியில் வைத்து, டாக்சியில் அத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அங்க ஒரு தொட்டி வெச்சுட்டு ஈஸ்டருக்கு வந்து எடுத்துக்கறேன், வில்மோஷ் தம்பி. அதுவரைக்கும் இது உன் பொறுப்பு" என்றாள்.

"எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல? மறந்துட்டுப் போங்க" என்றார் அத்தான்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தொட்டிக்கு மேலே தொங்கிய பழைய மெட்டல் ஹாலைடு விளக்கின் சோக் புகைந்து வெடித்தது. ஒன்பது வருடம் எரிந்த விளக்கு. கூடம் முழுக்கக் கருகிய நாற்றம். பவளம் இருட்டில் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அந்தப் பழைய ரகம் இப்போது எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. எல்.இ.டி.க்குத்தான் மாற வேண்டும். நான் ஏற்கனவே மாறியவன். மாறும்போது எத்தனை பேர் பவளத்தைக் கொன்றார்கள் என்றும் தெரிந்தவன்.

"அத்தான், சங்கத்து மீட்டர வாங்கிட்டு வரேன். அளந்து வெச்சுக்கலாம்" என்றேன்.

எங்கள் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒளிமானிதான் உண்டு. தண்ணீருக்கு அடியில் பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருகிறது என்று எண்ணில் காட்டும். வீடு வீடாகப் போகும், கூடவே ஒரு நோட்டும் போகும். அளந்தவர் உள்ள எண்ணை உள்ளபடி எழுத வேண்டும். அத்தான் ஒரு தடவைகூட அதை வாங்கியதில்லை.

"மீட்டர கேட்டா எதுக்குன்னு கேப்பானுங்க. வெளக்கு போச்சுன்னு சொன்னா, சாயங்காலத்துக்குள்ள கிராஸ்ல இபோயாக்கா காதுக்குப் போயிடும். அந்தம்மா வேலையப் போட்டுட்டு பஸ் ஏறிடுவாங்க. எனக்கு மீட்டரும் வேணாம் மண்ணும் வேணாம். கண்ணு இருக்கு."

மறுநாள் மீன்தொட்டிச் சாமான் விற்கும் ஜோம்போரின் கடைக்குப் போனோம். அவன் இரண்டு விளக்குகளை எடுத்து எரிய வைத்தான். ஒன்று வெள்ளை தூக்கலானது, சின்னது. இன்னொன்று நீலம் தூக்கலானது, பெரியது, நல்ல சரக்கு. அத்தான் பெரியதை எடுத்தார். தேர்வில் தப்பில்லை, நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் ஜோம்போர் பணம் வாங்கும்போது விரலை ஆட்டிச் சொன்னான்: "மாமா, நூத்துக்கு முப்பதுல ஆரம்பிங்க. வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. அவசரப்படாதீங்க."

"முப்பதா? சாவு வீட்லகூட அதவிட வெளிச்சம் இருக்கும்டா" என்றார் அத்தான்.

வீட்டுக்கு வந்து விளக்கைத் தொங்கவிட்டதும் அவர் செய்த காரியம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பலகைத் துண்டில் சுத்தமான வெள்ளைப் பெயிண்டை அடித்து, காய வைத்து, தொட்டிக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தார். பழைய விளக்கில் வெள்ளை எப்படித் தெரியும் என்பது அவர் மனதில் அச்சாக இருந்தது. அந்த அளவுக்கு வரும்வரை விளக்கின் வெளிச்சத் திருகைத் திருப்பிக்கொண்டே போனார். நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது. எண்பத்தைந்தில் நிறுத்தினார். "வந்துடுச்சு. அதே வெளிச்சம்" என்றார். என் கண்ணுக்கும் அதே வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

"அத்தான், பவளம் நம்ம கண்ணால பாக்கறதில்ல" என்றேன்.

"அதுக்குக் கண்ணே இல்ல மாப்ள. அதான் கடவுள் எனக்கு ரெண்டு குடுத்திருக்காரு."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிடித்து உட்கார வைத்து இரண்டு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தடவையாவது தப்பாகட்டும் என்ற அந்தப் பழைய அற்ப ஆசைதான் என் வாயைக் கட்டியதோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "டேய் பர்னா, அந்தப் பவளத் தட்டு வெளுத்துக்கிட்டே போவுதுடா. இவரு நீல வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்ங்கறாரு. எனக்கு என்னமோ நல்லாப் படல."

போய்ப் பார்த்தேன். ஊதா நுனிகள் இல்லை. தட்டின் மேல்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். நான் நேராகச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குப் போய், என் தொட்டிக்கு என்று பொய் சொல்லி மீட்டரை வாங்கினேன்.

சனிக்கிழமை காலை, அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். நோட்டைப் புரட்டினால், போன அக்டோபரில் இதே தொட்டியில், இதே இடத்தில், பவளத்தை விட்டுப்போன அன்றைக்கு இபோயா அக்காவே அளந்து எழுதியிருந்தாள்: நூற்றைம்பது. இப்போது மீட்டர் காட்டியது நானூற்று நாற்பது. நீல வெளிச்சம் மனிதக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். பவளத்துக்கோ அதுதான் முழுச் சாப்பாடு. அத்தான் தன் கண்ணுக்குச் சரியாக வைத்தபோது, அதன் தலையில் மூன்று மடங்கைக் கொட்டியிருக்கிறார்.

அவர் மீட்டரின் முனையைத் துணியால் துடைத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"பேட்டரி எறங்கியிருக்கும்" என்றார்.

பிறகு அவரே போய்த் திருகைப் பிடித்து முப்பதுக்கு இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கோழி சூப்பை மேசையில் வைத்தாள். கரண்டியைக்கூட யாரும் தொடவில்லை. கூடத்திலிருந்து அழுகிய கடல் நாற்றம். போய்ப் பார்த்தால், தட்டின் அடிக்கிளைகளில் தோல் நூல் நூலாக உரிந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. உரிந்த இடத்தில் வெறும் எலும்பு. வெளுத்தது என்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம். இது வேறு. இது அடியிலிருந்து மேலே ஏறும். விட்டால் விடியும்போது தட்டு முழுக்க எலும்பாகிவிடும். உரிவதற்கு மேலே, உயிரோடு இருக்கிற பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. வெட்டினால் பதினொரு வருடத் தட்டு தட்டாக இருக்காது.

"வெட்டணும் அத்தான். இப்பவே."

"அவங்களோடத நான் எப்படிடா வெட்டுவேன்?"

"அப்ப போன் பண்ணிக் கேளுங்க."

அத்தான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெட்டிடலாம். அவங்க வந்தப்புறம், ஹீட்டர் கெட்டுப்போயி தண்ணி சூடாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். ஹீட்டர் கெடறது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே."

அது நடக்கிறதுதான். இபோயா அக்கா நம்பியும் இருப்பாள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்காதான் கரண்டியை டப்பென்று மேசையில் வைத்தாள். "நாலு நாளா அந்தக் கண்ணு கண்ணுன்னு பீத்திக்கிட்டீங்கல்ல? அதே கண்ண வெச்சுக்கிட்டு அந்தம்மா மூஞ்சியப் பாத்து பொய் சொல்லுவீங்களா? போன எடுங்க."

அத்தான் போனை எடுத்தார். வைத்தார். தொட்டியைப் பார்த்தார். இன்னொரு கிளையிலிருந்து தோல் பிரிந்து வந்துகொண்டிருந்தது. மறுபடி எடுத்து எண்ணை அழுத்தினார்.

"இபோயாக்கா, வில்மோஷ் பேசறேன். உங்க பவளம் சாவுது. ஹீட்டர் இல்ல, வியாதி இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். புது வெளக்கு போட்டேன். அளக்காம போட்டேன். அளக்கச் சொன்னாங்க, கேக்கல."

அந்தப் பக்கம் ஒரு கிழவர் இருமுவது மட்டும் கேட்டது.

"வீடியோ போடு" என்றாள் கடைசியில். நான் போனைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன். அவள் அழவில்லை. "வெட்டு. எங்கெங்கன்னு நான் சொல்றேன்."

"பர்னாவ வெட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம். அவனுக்குக் கை நடுங்கும். நீ வெட்டு. உன் கைய நம்பறேன், கண்ணத்தான் நம்பல."

அத்தான் முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, தட்டைப் பெயர்த்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார். அவள் சொல்லச் சொல்ல வெட்டினார். "அந்த ரெட்டைக் கிளை. இல்ல, இன்னும் மேல. அது மூணாவது வருஷம் வந்தது. அத உடு, அது போயிடுச்சு." ஒவ்வொரு கிளையும் எப்போது முளைத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டர் ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் நறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுப்பது போனில் கேட்டது. பதினான்கு துண்டுகள் தேறின. மிச்சத்தை அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போனாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளம் யாரிடம் இருந்தாலும் ஒரு துண்டை வெட்டி இன்னொருவர் வீட்டில் விட்டுவைப்போம். நம் தொட்டியில் செத்தால் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இபோயா அக்கா மட்டும் யார் கேட்டும் கொடுத்ததில்லை. வெட்டினால் வடிவம் கெட்டுவிடும் என்பாள். அதனால் உலகத்தில் அந்தப் பவளத்தின் மிச்சம் அந்தப் பதினான்கு துண்டுகள்தான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அத்தான் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. செயலாளரிடம் தானே போய் நடந்ததைச் சொல்லி, எல்லோரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு, அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். காலையிலும் சாயங்காலமும் அளந்து நோட்டில் எழுதினார். முதல் வாரம் நான்கு துண்டுகள் செத்தன. இரண்டாவது வாரம் மூன்று. பிறகு ஒரு நாள் அக்கா போன் செய்து, "டேய், ஒண்ணுல ஊதா தெரியுதுடா" என்று கத்தினாள். கடைசியில் ஏழு நின்றன.

ஈஸ்டர் திங்கள் அன்று இபோயா அக்கா வந்தாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள் தலையில் சென்ட் தெளிப்பார்கள். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஆபத்து என்று அக்கா எங்களை வாசலிலேயே நிறுத்திக் கை கழுவ வைத்திருந்தாள். ஹாமும் முட்டையும் மேசையில் இருந்தன. இபோயா அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நோட்டைக் கேட்டு வாங்கி, ஐந்து வாரக் கணக்கையும் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நல்லா பாத்திருக்க, தம்பி" என்றாள்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு துண்டையாவது விட்டுவிட்டுப் போவாள் என்று நாங்கள் மூவருமே நினைத்தோம். அக்கா அதற்கென்று ஒரு கல்லைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள். இபோயா அக்கா பெட்டியைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கட்டினாள். ஆறாவதைக் கட்டினாள். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் கட்டிப் பெட்டியில் வைத்தாள்.

"ஒண்ணு விட்டுட்டுப் போகணும்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன், வில்மோஷ் தம்பி. முடியல. கோவம் இல்ல, சத்தியமா இல்ல. பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐந்து வாரம் தூங்காமல் காத்தவரிடம் இப்படியா சொல்வது என்று வாயைத் திறந்தேன். அத்தான் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்க்கா" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.