ஜெமீலா ராத்தாவின் பதினொரு பாத்தி

ஜெமீலா ராத்தாவை எங்கள் ஊரில் பலர் வாய்க்காரி என்பார்கள். உண்மையில் அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில், களப்போரத்தில், எங்களைப் போல வந்தவர்களின் குடியிருப்பு இருக்கிறது. அங்கேதான் முத்தலிபு நானாவைக் கலியாணம் முடித்தார். நானா பதினொரு உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அவர் மௌத்தாகி அடக்கமானபோது, பெண்பிள்ளை கூடை சுமக்கலாம், பாத்தி நடத்த ஏலாது என்று பள்ளிவாசலடியில் கதைத்தார்கள்.  கணவனை இழந்த பெண் வீட்டைவிட்டு வெளிக்கிடாத இத்தாவை ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் இருந்தார். இத்தா முடிந்த மறுநாள் காலை, உப்பு வாரும் இழுவைப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு நடுவால் நடந்து போனார். அதற்குப் பிறகு ஆறு வருடமாக அவர்தான் நடத்தினார்.

2020 மார்ச்சில், பக்கத்து வீட்டு மஹ்மூதாவின் மகன் றஸீன் கத்தாரிலிருந்து வந்தான். கொரோனா என்ற சொல்லை அப்போது செய்தியில் கேட்டிருந்தோம். எங்கோ தூரத்து நோய் என்றுதான் இருந்தது. மகன் சுகமாக வந்துவிட்டான் என்ற சந்தோசத்தில் மஹ்மூதா ஆடு அறுத்து விருந்து வைத்தார்.

எங்கள் விருந்துகளில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றியிருந்து, அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். சஹன் என்போம். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் ஆறாவது ஆளைத் தேடிப் பிடித்தாவது இருத்துவார்கள். அன்று குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை அலீமா மாமி கையைப் பிடித்து இழுத்து இருத்தினார். ஒரே தெருப் பெண்கள் ஆறு பேர்: மஹ்மூதா, ஜெமீலா ராத்தா, அலீமா மாமி, ரம்ஸியா, ஃபஹ்மியா, நான்.

ஒன்பது நாள் கழித்து றஸீனுக்கும் மஹ்மூதாவுக்கும் நோய் இருப்பதாக முடிவு வந்தது. அதற்குள் ஊரடங்கும் போட்டிருந்தார்கள். அம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிப் போனது. தெருவில் சிலர் மஹ்மூதாவின் வீட்டைப் பார்த்துத் திட்டினார்கள்.

“ஆட்டிறைச்சி திண்டப்போ எல்லாருக்கும் இனிச்சிச்சி, இல்லியா?” என்று ஜெமீலா ராத்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். திட்டு நின்றது.

அன்று பின்னேரமே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சிலாபத்துக்காரர், பீற்றர் என்று பெயர். மஹ்மூதாவோடு யார் யார் சாப்பிட்டது என்று விசாரித்தார். ஒரே சஹன் என்று கேள்விப்பட்டதும் நெற்றியில் கை வைத்தார்.

“அப்ப இனிக் கேள்வியே இல்லை” என்றவர், மிச்சம் எங்கள் ஐந்து பேர் வீட்டுக் கதவிலும் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டினார். கடைசியாக ஒட்டியது ஜெமீலா ராத்தா வீட்டில். எங்கள் வேலியிலிருந்து எல்லாம் கேட்டது.

“பதினாலு நாள், அக்கா. வாசலைத் தாண்டக் கூடாது.”

“சரி, சேர். நோய் நோய்தான், நான் இரிக்கிறன். என்ட உப்பு?”

“என்ன உப்பு?”

“பதினொரு பாத்தியிலயும் விளைஞ்சி நிக்கிது. பின்னேரத்துல வானம் கறுக்குறத நீங்களும் பாக்குறீங்க. ஒரு மழ பேஞ்சா என்ட வருசமே கரைஞ்சிடும். ஆரு வாருற?”

“சொந்தக்காரர் ஆரையும் அனுப்புங்க.”

“ஊரடங்குல அனுப்பினா நீங்களே புடிப்பீங்க.”

 மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று பீற்றர் சேர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எங்கள் வாப்பா மூச்சு வருத்தக்காரர், இரண்டடி நடந்தால் இளைக்கும். நான் குசினியிலேயே பாய் போட்டுப் படுத்தேன், வாப்பாவுக்குச் சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டு விலகி நின்றேன். அந்த நோய் வாப்பாவைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தினமும் காலையில் பெரிய உப்பளத்து ட்ராக்டர் எங்கள் தெரு முனையால் போனது. அதற்கு அத்தியாவசியம் என்று அனுமதி கிடைத்திருந்தது. பின்பெட்டியில் இருபது பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். ஜெமீலா ராத்தா வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நிற்பார்.

மூன்றாம் நாள் நிவாரணப் பொதி வந்தது. அரிசி, பருப்பு, சீனி, கூடவே ஒரு பைக்கட் உப்பு. ராத்தா அதைத் தூக்கிக் காட்டினார்.

“அலீமா மாமி, பாத்தீங்களா? எனக்கு உப்பு தந்திரிக்கிறாங்க!”

“அதச் சப்பிக்கிட்டு இரி புள்ள, மழ வரும்வரைக்கும்” என்று மாமி தன் வாசலிலிருந்து கத்தினார். எல்லாரும் சிரித்தோம். ராத்தா சிரித்து முடிய முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை பீற்றர் சேரிடமிருந்து அழைப்பு வந்தது. சின்னப் பாத்திகளுக்கு அனுமதி இல்லையாம். தனிமைப்படுத்திய வீட்டுக்காரருக்கு எப்படியும் இல்லையாம். எல்லா வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ராத்தா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“சேர், நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தவ. வீட்டுக்குள்ள இரிக்க எனக்கு ஆரும் படிச்சித் தரத் தேவல்ல. அப்ப இந்தத் தெருதான் என்ட பாத்திய வாரித் தந்திச்சி, மூணு நேரமும் சோறும் கொண்டு வந்திச்சி. ஒரு ஆள உள்ளுக்கு வெச்சா, அந்த ஆள்ட வெளி வேலைய ஆராச்சும் பாக்கோணும். நீங்க கதவ மட்டுந்தானே பாத்தீங்க?”

“எனக்கு விளங்குது, அக்கா. ஆனா என்ட கையில ஒண்டுமில்லை.”

“அப்ப கேளுங்க. சஹன்ல இருந்த ஆறு பேர்ல மஹ்மூதாவ நீங்க கொண்டு போயிட்டீங்க. மிச்சம் அஞ்சி பேர். வந்திருந்தா ஒரே தட்டுல அஞ்சி பேருக்கும் வந்திருக்கும். எங்களுக்குள்ள இனிப் பரவுறதுக்கு என்ன இரிக்கி? பாத்தியில காக்காவும் கொக்கும்தான். நாளைக்கு சுபஹு தொழுதிட்டு, வெளிச்சம் வந்த பொறகு, களப்போரமா நாங்க போறம். ஒரு வீட்டு வாசலடிக்கும் போகமாட்டம். வந்து நிண்டு பாருங்க.”

“பொலிஸ் வரும், அக்கா.”

“வரட்டும். வாரி முடிஞ்ச பொறகு புடிக்கச் சொல்லுங்க.”

போனை வைத்ததும் அலீமா மாமி, “என்னத்துக்குப் புள்ள இந்தப் பறையடி? ராவைக்கு சத்தமில்லாம போயிட்டு வாங்களன்” என்றார்.

“களவாப் போனா, நோய ஒளிச்சிட்டுத் திரியுறாளுகள் எண்டு சொல்லுவானுகள். அதுக்கு நான் ஆளில்ல.” பிறகு ஒவ்வொரு வேலியையும் பார்த்தார். “வாரவங்க வாங்க. வராட்டி குறையில்ல. நான் தனியப் போவன்.” என்னிடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினார். “வாப்பாவ யோசிச்சிக்க, தங்கச்சி.”

நான் இரவெல்லாம் யோசித்தேன். எப்படிக் கணக்குப் பார்த்தாலும், அந்த நாலு பேரோடு நிற்பதால் வாப்பாவுக்குப் புதிதாக ஒரு கேடும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை. விடிந்ததும் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன். ஃபஹ்மியா வரவில்லை. அவள் கணவன் விடவில்லை. நாங்கள் நாலு பேர், கூப்பிடு தூரம் விட்டு விட்டு, சேற்றோரமாக நடந்தோம்.

பாத்திகள் வெள்ளையாகக் கிடந்தன. ராத்தாவும் ரம்ஸியாவும் இழுவைப் பலகையால் உப்பை இழுத்து ஒதுக்கினார்கள். நானும் மாமியும் கூடையில் அள்ளி வரம்பில் கொட்டினோம். எட்டு மணிக்கு பீற்றர் சேரின் மோட்டார் சைக்கிள் தூரத்து வரம்பில் வந்து நின்றது. அவர் இறங்கவுமில்லை, எங்களைக் கூப்பிடவுமில்லை. பதினொரு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன் இறங்கி, கையைக் காட்டி ஏதோ கத்தினார். ராத்தா திரும்பிப் பார்க்கவில்லை. பீற்றர் சேர் போய் அவரோடு நெடுநேரம் கதைத்தார். சார்ஜன் வாரி முடியட்டும் என்று ஜீப்பின் நிழலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பின்னேரம் ஏழாவது பாத்தியை வாரி முடிக்கும்போது முதல் துளி விழுந்தது. “கிடுகு! கிடுகு!” என்று ராத்தா கத்தினார். குவியல்களைப் பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடி, மேலே கட்டை தூக்கி வைத்து முடிப்பதற்குள் நனைந்து போனோம். மிச்சம் நாலு பாத்தி எங்கள் கண்முன்னே கலங்கிக் கரைந்தது. ராத்தா வரம்பில் நின்று அதைக் கடைசிவரை பார்த்தார்.

மழை விட்டதும் சார்ஜன் பத்தடி தூரத்தில் நின்று வாக்குமூலம் எழுதினார். எழுதியதைச் சிங்களத்தில் உரக்க வாசித்தார். சிலாபச் சந்தையில் வருடக்கணக்காக உப்பு விற்ற ராத்தாவுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். வாசிப்பின் நடுவில் பீற்றர் சேரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“சேர், களவாப் போனோம் எண்டு எழுதியிரிக்கி. அத வெட்டச் சொல்லுங்க.”

“அக்கா, அது சும்மா எழுதுற வசனம்” என்றார் பீற்றர் சேர்.

“சட்டத்த மீறிப் போனன், அது உண்ம. கோட்டுக்குக் கூப்பிட்டா வாரன். இண்டையிலிருந்து திரும்பப் பதினாலு நாள் எண்ணுங்க, இரிக்கிறன். ஆனா நேரம் சொல்லி, வழி சொல்லி, வெளிச்சத்துல போனன். அந்த வசனம் இரிக்கும்வரைக்கும் கையெழுத்து இல்ல.”

சார்ஜன் பீற்றர் சேரைப் பார்த்தார். பீற்றர் சேர், போவதை இவர் எனக்கு நேற்றே சொன்னவர் என்று சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் ஒரு கோடு கிழித்து வெட்டினார். ராத்தா சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு நாங்கள் மூவரும் வைத்தோம்.

பதினாலு நாளைத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்கள். அந்த நாட்களில் ஜெமீலா ராத்தா கேற்றடிக்குக்கூட வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் நோய் காணவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பீற்றர் சேர் பார்க்க வந்து, வீதியில் நின்று, “அக்கா, உள்ளேயா இருக்கிறீங்க?” என்று கேட்டார்.

“உள்ளுக்குத்தான் இரிக்கிறன், சேர்” என்று ராத்தாவின் குரல் கேட்டது. “கதவு தொறந்துதான் கெடக்கு. நல்லாப் பாத்துக்கங்க.”