கடலில் வாங்கிய கடிதம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாகூரைத் தாண்டியுள்ள துறைமுகத்திலிருந்து சரக்குப் படகு புறப்பட்டது. கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைக்குப் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தரப் போனேன். மூன்றரை மணி நேரப் பயணத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன்.

படகிலிருந்து மேடைக்கு என்னைக் கிரேனின் வலைக்கூடையில் தூக்கிவிட்டார்கள். டீசல் வாடை, ஓயாத இரைச்சல், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நிரந்தர ஊழியர்களுக்குப் பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு, போக வர ஹெலிகாப்டர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்றாள் வந்தால்தான் படகு. வராவிட்டால் கிடக்க வேண்டியதுதான். இதை 'ரூல்' என்று கூசாமல் சொன்னார்கள்.

சனிக்கிழமை மதியம், குழாய்களுக்கு கிரீஸ் தடவும் சேகர் என்னைத் தேடி வந்தார். சீர்காழிப் பக்கத்துக்காரர், நாற்பது நாளாக மேடையில் இருக்கிறார். அவர் குடும்பம் உழும் ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலத்தை உடைமைக்காரர் திரும்பக் கேட்கிறாராம். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை.

"மாத்தாளு இன்னும் வரலைங்க. வாய்தாவுக்குப் போகலைன்னா நெலம் போயிடும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

மேடை மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கையை விரித்தார். வர முடியாததற்குக் கடிதமாவது கொடுங்கள் என்று நின்றேன். அழுத்தமாக இருக்கட்டுமென்று, கொஞ்சம் கூட்டியே, வாசகத்தையும் நானே சொன்னேன்: 'மூன்று ஆண்டுகளாக இடைவிடாமல் இங்கே பணிபுரிபவர், இவரின்றி வேலை நடக்காது.' முத்திரையோடு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். படகில் பத்து இருக்கைகள் காலி.

திங்கள் பத்தரை மணிக்கு, சேகரின் மனைவி வசந்தா வயலிலிருந்து நேரே தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தார். கடிதத்தை நானே அதிகாரியிடம் நீட்டினேன். உடைமைக்காரர் கட்சிக் கரை வேட்டியில் வந்திருந்தார். அவருடைய வக்கீல் அதை வாங்கிப் படித்தார்.

"சார், இவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. மூணு வருஷமா கடல்ல இருக்கறவரு எப்படிங்க சாகுபடி பண்ணுவாரு?"

வசந்தா துடித்துப்போனார். "நாத்து நட்டு, களை பறிச்சு, எல்லாம் நானும் மாமனாருந்தாங்க!"

"குத்தகைப் பதிவு உங்க பேர்ல இல்லையேம்மா," என்றார் அதிகாரி.

வசந்தாவின் கால்களில் வயல் சேறு இன்னும் காயவில்லை. அது அதிகாரியின் கண்ணில் படவில்லை, முத்திரை பட்டது! உழுபவருக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதி ஓட்டு வாங்கியவர்களின் ஆட்சியில்தான் இது நடந்தது. கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் சேர்த்தாயிற்று என்றார்கள்.

வாசலில் வசந்தா என்னை நிறுத்தினார்.

"அப்படி யாருங்க எழுதுனது?"

"நான்தாம்மா," என்றேன்.