என் மேல் வந்தது

என் மேல் ஆத்தா வருவாள் என்பது எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து டவுன் லுக்குட் கடைவீதிக்குப் போனால்கூட வேறு தோட்டத்துப் பெண்கள் சிலர் என்னைப் பார்த்து லேசாகக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் பதிலுக்கு ஒன்றும் செய்ய மாட்டேன். எந்த முகம் யாருடையது என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது. அதையும் சாமியாடிக்கு உரிய மிடுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். மரியாதையான வாழ்க்கைதானே என்று உங்களுக்குத் தோன்றும். இருபது வருடத்துக்கு மேல் அந்த மரியாதைக்குள் நான் பயந்துகொண்டேதான் கிடந்தேன்.

முதல் முறை நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில். ஆடித் திருவிழா, உச்சி வெயில், பால்குடம் கோயிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. உறுமிச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மேளம் கிளம்பினால் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வேன். புது மருமகள் அப்படி ஓட முடியுமா? மாமியார் என்னை முன்வரிசையில், மேளக்காரர்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். சாம்பிராணிப் புகை, பட்டுச் சேலையின் உறுத்தல், பின்னாலிருந்து இடிக்கும் தோள்கள். உறுமிக்காரர் பக்கத்து லயத்து வரிசை வீட்டு மனிதர், நல்லவர். அவர் வளைந்த குச்சியைத் தோலில் இழுத்தபோது என் பல்லின் வேரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. காதைப் பொத்தினேன். உடம்பு நடுங்கத் தொடங்கியது. நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஊளைதான் வந்தது.

"ஆத்தா வந்துட்டாடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

சாமி வந்துவிட்டால் எங்கள் தோட்டத்தில் மேளத்தை நிறுத்த மாட்டார்கள். வந்த சாமி பாதியில் போய்விடக் கூடாதென்று இன்னும் ஓங்கி அடிப்பார்கள். பெண்கள் சுற்றி நின்று குலவை போடுவார்கள். அவர்கள் அடிக்க அடிக்க நான் நடுங்கினேன், நான் நடுங்க நடுங்க அவர்கள் அடித்தார்கள். பூசாரி என் கொண்டையை அவிழ்த்துவிட்டு நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். யாராவது என்னைத் தொட்டாலே எனக்குச் சுடும். அன்றைக்கு ஊரே என் காலைத் தொட்டது. கடைசியில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது மாமியார் முந்தானையால் எனக்கு விசிறியபடி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார்.

எனக்குள் யாரும் வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அப்படியானால் வந்தது எது என்று யோசித்தேன். யோசிக்கத்தான் பயமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் காரணமில்லாமல் நடுங்கிக் கத்துகிறவர்களுக்கு இரண்டே இடம் இருந்தது. ஒன்று கோயில். இன்னொன்றை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ரப்பர் ஸ்டோரில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது. தனியாகச் சிரிப்பாள், அழுவாள். ஒருநாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் முன்னால் நிற்க, தோட்டத்து வேனில் ஏற்றிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவே இல்லை. அவள் வீட்டுக்காரன் அடுத்த வருடமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்த வேன் லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன்.

ஆகவே ஆத்தாவை நான் மறுக்கவில்லை. அவர்கள் சொன்னார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். வருடா வருடம் ஆடி பிறந்தால் சோறு இறங்காது. முன்வரிசையில் நிறுத்துவார்கள், உறுமி இழுபடும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். நடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி ஆகப்போகிறேன்!

மற்ற நாட்களிலும் நான் ஒரு மாதிரிதான். விடியலில் ஆள் கூப்பிடும் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் என்னை வேறு மர நிரைக்கு மாற்றினால் அன்றைக்குக் கை ஓடாது. என் மரங்களின் வெட்டுப்பட்டை எனக்குப் பழகிய முகங்கள், புது நிரைக்குப் போனால் அனாதை மாதிரி நிற்பேன். யாராவது புதுச் சேலை எப்படி இருக்கிறதென்று கேட்டால், நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பேன். துக்க வீட்டில் கட்டிப்பிடித்து அழ வராது. இன்னொருத்தியாக இருந்தால் திமிர் பிடித்தவள் என்று ஒதுக்கியிருப்பார்கள். என்னை, "அது சாமி குடியிருக்கிற ஒடம்பு லா, அப்பிடித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்கள். ஆத்தா இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தோட்டத்தில் போக்கிடமில்லை.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே என்னைத் திரும்பப் பெற்றெடுத்த மாதிரி இருந்தாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள், தூக்கினால் விறைத்துக்கொள்வாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை வரவில்லை, பீதிதான் வந்தது. திருவிழா நாட்களில் அவளை என் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தொண்ணூறுகளில் தோட்டத்தில் வேலை குறைந்து, லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் எங்களை மம்பாவ் டவுனுக்குக் கூட்டிவந்தபோது நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். மாமியார் மட்டும் தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துகொண்டார்.

மம்பாவ் வந்த பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டார்கள். மணி அடித்தால் மகள் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறாளாம். டீச்சர் சொல்லி, குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நம் தமிழ் ஆள்தான், என்னைவிட இளைய பெண். நிறையக் கேட்டார். பிள்ளைக்கு எந்தத் துணி உறுத்துகிறது, எந்தச் சத்தம் ஆகாது, கேட்டதையே திருப்பிச் சொல்கிறாளா. நான் பதில் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நான் பிள்ளையப் பத்திக் கேக்கிறேன். நீங்க உங்களப் பத்தியே சொல்றீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்" என்றேன்.

ஆட்டிசம் என்றார். மூளை வேறு விதமாக அமைந்திருப்பது, பிறவியிலேயே வருவது, பைத்தியம் இல்லை, சிலருக்கு அழுத்தமாகவும் சிலருக்கு லேசாகவும் இருக்கும், வீச்சு பெரிது என்று விளக்கினார். கோலாலம்பூரில் பெரியவர்களைப் பார்க்கும் ஒருவரிடம் என்னை அனுப்பினார். அவரும் அதையேதான் சொன்னார். அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "புடிச்சு அடைச்சிருவாங்களா?" என்பதுதான். இல்லை என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் தெரிந்தால் மனம் ஆறும் என்று அந்த டாக்டர் நினைத்தார் போலிருக்கிறது. எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. இத்தனை நாள் ஆத்தாவின் பின்னால் ஒளிந்திருந்தேன். இப்போது ஆத்தா இல்லை என்று ஆகிவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள், என் மகளை யார் கட்டுவார்கள், சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றினாள் என்று காறித் துப்ப மாட்டார்களா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இந்தா பாரு, டாக்டர் சொன்னது நம்மளோட இருக்கட்டும். ஆத்தா இல்லேன்னு மட்டும் வாய்விட்டுச் சொல்லாத. எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த ஆடியில் தோட்டத்துக் கோயில்காரர்கள் மம்பாவுக்கே வந்துவிட்டார்கள். "நீங்க வரலேன்னா ஆத்தாவே வரலேன்னு ஆயிரும் லா. ஆளுங்க கொஞ்சந்தான் மிச்சம், அதுங்களும் போயிரும்" என்றார்கள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அக்காள் வீட்டில் அம்மை போட்டிருந்ததால் மகளை அங்கே அனுப்பவும் வழியில்லை. வீட்டுக்காரர் ஒரு வேனை இரவல் வாங்கினார். மகளை மாமியார் வீட்டுக்குள் உட்கார வைத்து, வெளியே வரக்கூடாதென்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி காதில் பஞ்சை அடைத்து முடியால் மறைத்திருந்தேன். முன்வரிசைக்கும் போகவில்லை, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றேன். உறுமி இழுபட்டது. நடுங்கினேன், ஆனால் விழவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்று இருந்தது. ஒரு துண்டுப் பஞ்சு போதுமாக இருந்திருக்கிறது! பூசாரி திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். ஆத்தா ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கூட்டம் முணுமுணுத்தது.

அப்போதுதான் மாமியார் என் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா சாமியாடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டாமா என்று அவருக்கு ஆசை. நேராக மேளத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மகள் காதைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. வாய் திறந்தது. அதே ஊளை. நான் எப்படி இருந்திருப்பேன் என்பதை வாழ்க்கையில் முதல் முறையாக வெளியே நின்று பார்த்தேன். அந்த முகத்தில் பக்தி இல்லை, அருள் இல்லை. நாய் துரத்தும் பிள்ளையின் முகம் அது.

"சின்ன ஆத்தா! தாய் எறங்காம மகள் மேல எறங்கிட்டா!"

மேளம் ஓங்கியது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். "நிறுத்துங்க, அவளுக்குச் சத்தம் ஆகாது, அது சாமி இல்ல, பயம்!" என்று கத்தினேன். ஒருவர் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் என் தோளைத் தட்டி, "மொத தடவ அப்பிடித்தான் இருக்கும், பயப்படாத" என்றாள். பூசாரி என் மகளின் பின்னலை அவிழ்க்கக் கை நீட்டினார்.

நான் என் முடியை அவிழ்த்துவிட்டேன். நாக்கைத் துருத்தினேன். என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் முதல் முறையாக நடித்தேன். ஆத்தா நிஜமாகவே இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் கண் அவிந்துபோகும் என்று உடம்பெல்லாம் உதறியது. ஆனாலும் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நிப்பாட்டுங்கடா!"

மேளம் நின்றது. அப்படியே, ஒரே நொடியில் நின்றது. பூசாரி கற்பூரத் தட்டோடு என் முன்னால் மண்டியிட்டார். "ஆத்தா, நாங்க என்னா கொற வச்சோம்?"

"அந்தப் புள்ள மேல நான் வரல. அது பயந்து கெடக்கு. யாரும் தொடாதீங்க. வழி விடுங்க."

வழி விட்டார்கள். மகள் மண்ணில் குந்தியிருந்தாள். நான் அவளைத் தொடாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மூச்சு சமனாகும் வரை அந்தக் கூட்டம் இருமல் சத்தம்கூட இல்லாமல் கும்பிட்டபடி நின்றது. பிறகு நாங்கள் இருவரும் எழுந்து வேனுக்கு நடந்தோம்.

வேன் கதவருகே உறுமிக்காரர் ஓடிவந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"தாயி, கோவிச்சுக்காத. இன்னிக்குத்தான் ஒம்மேல ஆத்தா நெசமா எறங்குனிச்சு. கண்ணப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு லா."

"அப்ப முந்தியெல்லாம்?" என்று கேட்டேன்.

"முந்தியெல்லாம் நீ பயந்து நடுங்குற மாதிரிதான் எனக்குத் தெரியும். மொத அடியிலேயே வெளங்கிரும்."

"வெளங்கியுமா அடிச்சீங்க?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "நிப்பாட்டச் சொல்லி யாரும் சொல்லலயே தாயி" என்றார், வெள்ளையாக.

அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது, அறையலாம் போல வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. மேளம் அடித்தவருக்கே தெரிந்திருந்தால் இன்னும் யார் யாருக்குத் தெரிந்திருந்தது? மாமியாருக்கா, பூசாரிக்கா? மகள் என் பக்கத்தில் ஜன்னலில் நெற்றியை வைத்துத் தூங்கிப்போனாள். வீட்டுக்காரர் வேனை ஓட்டினார். ஒவ்வொரு வருடமும் மயங்கிக் கிடந்த என்னை வீட்டுக்குத் தூக்கிவந்தவர் அவர்தான். மம்பாவ் வந்து சேரும் வரை அவருடைய பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் இன்றுவரை நான் கேட்கவில்லை.