நீடாமங்கலம் கேட்

அம்புக்குறி போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது என் கட்சி. யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். ஆனால் எங்கள் பள்ளியில் நெட்பால் தொடங்கிய புதிதில் நானும் கரும்பலகை நிறைய அம்புதான் போட்டேன்.

அந்த ஆட்டத்தில் உயரத்திலிருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போடுவதுதான் கோல், அதையும் ஷூட்டர், துணை ஷூட்டர் இருவர் மட்டுமே போடலாம். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. மூன்று விநாடிக்குள் அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். யார் எங்கே ஓடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தால்தான் கோல் விழும். என் பிள்ளைகளோ எல்லைக்கோடு தடுக்கும்வரை பந்தை நோக்கியே ஓடினார்கள்.

மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால், மாலைப் பயிற்சி நேரத்தைக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கணக்கின்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்கு எப்போதும் விளையாட்டு நேரத்தில்தான் பசிக்கிறது.

ஒருநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் என் பஸ் வழக்கம்போல நின்றது. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது, இடப்பக்கம் நுழையப் பார்த்தது, முடியவில்லை. பஸ் அதை ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றது. அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் உயரமான ஷூட்டரிடம், “நீ ஓடவே வேணாம், நின்னாப் போதும்,” என்றேன். சென்டரில் ஆடும் வாயாடி “கேட்!” என்று கத்தியதும் இவள் அசையாமல் நிற்பாள். துணை ஷூட்டரைத் துரத்தி வரும் தடுப்பாட்டக்காரி இவளைச் சுற்றி வருவதற்குள் துணை ஷூட்டர் பந்தை வாங்கிப் போட்டுவிடுவாள். தினமும் அந்த கேட்டில் நிற்கிற பிள்ளைகள். ஒரே மாலையில் புரிந்துகொண்டார்கள்.

போட்டியின் முதல் சுற்று. முதல் பாதியில் “கேட்” என்றபோதெல்லாம் கோல். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிரணி நீடாமங்கலம் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கா கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்? இரண்டாம் பாதியில் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே அவர்களுடைய தடுப்பாட்டக்காரிகள் இருவரும் துணை ஷூட்டர் வரும் வழியில் போய் நின்றுகொண்டார்கள்.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். “கேட் வேணாம்டி! அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சென்டர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக, “கேட்!” என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. தடுப்பாட்டக்காரிகள் இருவரும் துணை ஷூட்டரிடம் பாய்ந்தார்கள். அதுவரை நின்ற இடத்தைவிட்டு அசையாத உயரமானவள், சென்டர் கண்ணைக் காட்டியதும் வளையத்துக்கு அடியில் நகர்ந்தாள். அவளருகே யாருமே இல்லை. பந்து நேராக அவள் கைக்கு வந்தது, போட்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஊதினார்கள்.

சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு சென்டரைப் பிடித்தேன். “நான் வேணாம்னு கத்துறேன், காதுல விழலையா?”

“விழுந்துச்சு டீச்சர். அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரியாதவங்கள எப்படி ஏமாத்துறது?”

மறுநாள் மாலையும் மைதானம் எங்களிடமே இருந்தது. அடுத்த திட்டத்துக்குப் பேர் வைக்கும் வேலையை அவளிடமே விட்டுவிட்டேன்.