மணிக்குள் இருந்த துணி

என் அத்தானைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. அக்கா கொடுக்கும் காப்பியையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சாப்பாடு முடிந்து அக்கா கேஸ் அடுப்பை மூடினால், பின்னாலேயே போய்க் குமிழைத் திருகிப் பார்ப்பார். அக்காவும் நானும் தைக்கிற ஆடைத் தொழிற்சாலையில் அபாய மணியும் தீயணைப்புச் சாமான்களும் அவர் பொறுப்பு. தளத்தில் அவருக்கு ‘மோப்பம்’ என்று பெயர். வைத்தவள் நான்தான்.

பெயருக்கு அர்த்தம் தெரியாத சாமானை அவர் நம்ப மாட்டார். வாசகசாலைக்குப் போகிறவள் என்பதால் அகராதி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

“சைரன்னா என்ன அர்த்தம்?”

“கிரேக்கக் கதையில வர்ற பொம்பளைங்க, அத்தான். கடலோரம் உக்காந்து பாடுவாங்களாம். மயங்கிக் கிட்ட வந்த கப்பல் பாறையில மோதிச் சிதறிடுமாம்.”

“கூப்பிட்டுக் கொல்றவ பேரு. அதை ஊதித்தான் நம்மள தினம் வேலைக்குக் கூப்பிடுறான். இதுல ஏதோ இருக்கு.”

அன்றிலிருந்து கூரைமேல் இருந்த சைரனை ஓரக்கண்ணால்தான் பார்த்தார். அடுத்து ‘எச்சரிக்கை’ப் பலகையைக் காட்டிக் கேட்டார். அரசர் வரும்போது கட்டியக்காரன் அப்படிக் கூவுவான் என்று சொன்னேன். “அப்ப நெருப்பு வந்தா கைகட்டி ஓரமா நிக்கணுமா?” என்றார்.

அலாரம் ஒன்றுதான் அவருக்குப் பிடித்தது. ‘ஆயுதத்தை எடுங்கள்’ என்று இத்தாலியில் வீரர்கள் கத்தியதுதான் தேய்ந்து அந்தச் சொல் ஆனது.

“பாத்தியா, அது முதல்ல வெறும் சத்தம் இல்ல. என்ன செய்யணும்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொன்னது. இங்க மணி அடிச்சா நீங்க என்ன செய்றீங்க?”

என்ன செய்வோம்? போட்ட தையலை முடித்துவிட்டுத்தான் எழுவோம். பாதியில் இழுத்தால் துணியில் தடம் விழும், உருப்படி கழிவுக்குப் போய்விடும். அவர் அடித்த மணியெல்லாம் வீண் மணியாகவும் இருந்தது. ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் ஆவி, ஒருமுறை யாரோ பிடித்த பீடி. மேலாளர் கடைசியாகச் சொல்லிவிட்டார், தீ இல்லாமல் இன்னொரு தடவை மணி அடித்தால் வேலை கிடையாது என்று. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

சில வாரம் கழித்து, துணிக்கிடங்கில் ஒயர் கருகும் வாசனை வந்தது. அத்தான் பொத்தானை அழுத்தினார். மணி ‘டொக்’ என்றதோடு சரி. அவர் தளத்துக்குள் ஓடிவந்தார்.

“ஊசியை விடுங்க. துணியை விடுங்க. பின்வாசல் வழியா வெளிய போங்க.”

யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதே இல்லை. பாதித் தையலோடு எழுந்தோம். நாங்கள் முற்றத்துக்கு வருவதற்குள் கிடங்கு ஜன்னல் கரும்புகையைக் கக்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நெருப்பு அணைந்ததும் அத்தான் மணியைக் கழற்றினார். உள்ளே துணி அடைத்திருந்தது. அவ்வளவுதான், அவருக்குத் தூக்கம் போயிற்று. சூப்பர்வைசரைச் சந்தேகப்பட்டார், எலக்ட்ரீஷியனைச் சந்தேகப்பட்டார். என் கைப்பையைக்கூடத் திறந்து பார்த்தார். அவர் வீட்டில் தங்கியிருப்பவள் என்றால் திருடியா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எல்லாரையும் கேட்டீங்க, அக்காவைக் கேட்டீங்களா?” என்றேன் கோபத்தில். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா அடுப்படியிலிருந்து திரும்பவில்லை. அத்தான் சுருண்டு கிடந்த அந்தத் துணியை எடுத்து முதல்முறையாக மேசைமேல் விரித்தார். துவைத்து வெளுத்த பச்சைப் பூப்போட்ட துணி. எங்கள் வீட்டுப் பழைய தலையணை உறை.

“நான்தாங்க,” என்றாள் அக்கா. “இன்னொரு தடவை அடிச்சா வேலை போயிடும்னாங்களே. உங்க மூக்கை நான் நம்பல.”

அத்தான் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மேலாளர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து விசாரித்தார். அத்தான் முன்னால் போய் அந்தத் துணியை நீட்டினார். “சுத்தம் பண்றப்ப நான்தான் வெச்சேன் சார். எடுக்க மறந்துட்டேன்.” அன்றைக்கே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தலையணை உறையை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

அன்று சாப்பாடு முடிந்ததும் அக்கா அடுப்பை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் எழுந்து போவார் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவர் எழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்காதான் எழுந்து போய்க் குமிழைத் திருகிப் பார்த்தாள்.