லேயிலிருந்து ஸ்ரீநகருக்கு ஒரு மணி நேரம்

அன்று எங்கள் அடுப்படியில் அப்பா, அம்மா, ஜீப் ஓட்டும் தாய்மாமா, நான் என்று நான்கு பேர் இருந்தோம். யாரைப் பற்றிப் பேச்சோ அந்த இரண்டு பேரும் அங்கே இல்லை. தங்கை லடாக்கில், லே நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் ஸ்ரீநகரில் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமாகி எட்டு மாதம்.

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தங்கையை நர்சிங் படிக்க வைக்கச் சொல்லி அடம்பிடித்ததும் நான்தான். அதனால் அவளைப் பற்றிய கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும்.

“அந்த ரெண்டு ஊருக்கும் எம்புட்டுத் தூரம்டா?” என்றாள் அம்மா, பூண்டு உரித்துக்கொண்டே.

போனில் பார்த்தேன். ஆகாய வழியில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

“நம்ம வட்டவடைலருந்து மூணாறு போற நேரத்துல பாதிதான்” என்றார் மாமா. “நானா இருந்தா காலைல கேரட்ட எறக்கிட்டு மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்.”

அப்பா சிரிக்கவில்லை. “அப்ப எட்டு மாசமா ஒரு தடவகூடப் பாக்கலைன்னா?”

எங்கள் பக்கம், கணவன் எஸ்டேட்டிலும் மனைவி ஊரிலும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். இரண்டு ஞாயிறு வராவிட்டால் ஏதோ பிணக்கு என்று பெரியவர்கள் ஜீப் பிடித்துப் போய்ப் பேசுவார்கள். அம்மாவின் கை நின்றுவிட்டது.

“வேலைய விட்டுட்டு வரச் சொல்லு. இங்க வச்சுப் பேசிக்கிருவோம்” என்றார் அப்பா.

அங்கேயே தங்கையைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி போனை வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தினாள்.

“ஏண்ணே, தூரத்தப் பாத்தியே, பிளேன் என்னைக்குப் பறக்குதுன்னு பாத்தியா? நேர் பிளேன் தெனமும் கெடையாது. அதுவும் காலைலதான். மத்தியானம் காத்து கெளம்பிட்டா எறங்க முடியாது. ரோட்டுல பனி. டெல்லி சுத்தி வந்தா லீவு வழியிலயே தீந்துரும். ரெண்டு வாட்டி அவுக ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டு, பிளேன் இல்லைன்னு திரும்பிட்டாக. வச்ச கோழிக்கொழம்ப நானே மூணு நாளு தின்னேன்!”

எங்கள் ஊருக்கு வரும் சோலைக்காட்டு வழியில் யானை இறங்கும் என்று இருட்டியதும் செக்போஸ்டில் கேட்டை அடைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். “நம்ம கேட்டு மாதிரியா?” என்றாள்.

“ஆமாக்கா. அங்க யானை இல்ல, காத்து” என்றார் மாமா.

அப்பா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். பிறகு, “அவளுக்கு லீவு என்னைக்குன்னு கேளு. மாப்பிள்ள வந்து வந்து திரும்புனது போதும். இவளுக்கு டிக்கெட்டப் போடு” என்றார். வேலையை விடும் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

தங்கை கிளம்பிய அன்று அங்கே வானம் தெளிந்திருந்ததாம். பதினோரு மணிக்கெல்லாம் ஸ்ரீநகரில் ஒரு டீக்கடையிலிருந்து இருவரும் வீடியோவில் வந்தார்கள். “மாப்பிள்ள எளச்சுப் போயிட்டாரே” என்றாள் அம்மா. அவர் வெட்கப்பட்டுத் தங்கையின் பின்னால் ஒதுங்கினார்.

போக வர டிக்கெட்டுக்கு, பூண்டு விற்ற பணத்திலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்தது ஒன்பதாயிரத்து முந்நூறு ரூபாய்.