நீலக்கல்லைச் சுற்றி ஏழு பேர்

போன வருஷம் மழைக்காலத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். ஒன்றரை மாதம், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் அறையே கதி. சும்மா இருக்கத் தெரியாத எனக்கு அது பெரிய தண்டனை. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் தங்கச்சி, வந்து பார்த்தபோது என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் சண்டை, சாவு எதுவும் இல்லை. காய்கறி நடலாம், மீன் பிடிக்கலாம், பாறை உடைக்கலாம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்களும் அதே காட்டில் நடமாடுவார்கள். கழுதை வயசில் இதெல்லாம் தேவையா என்று முதல் நாள் சிரித்த நான், மூன்றாம் நாள் அடுப்பில் சோற்றைத் தீயவிட்டேன்.

அந்த விளையாட்டுக்குள் அக்காவும் தங்கச்சியுமாக ஒரு வீடு கட்டினோம். ஒரே அறையில் ஐந்து பேராக வளர்ந்தவர்கள் இல்லையா, ஆளுக்கொரு அறை வைத்தோம். வாசல் கதவு மட்டும் பாக்கி. அதற்கு நீலத் தாதுக்கல் வேண்டும். அது எப்போதாவதுதான் முளைக்கும், சற்று நேரத்தில் மறைந்தும் போகும். மூன்று வாரம் தேடிச் சலித்துப்போனோம்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவு மத்தியானம், விளையாட்டில் ஒரு மலையிடுக்கில் திரும்பினேன். ஆளுயரத்துக்கு நின்றது அந்தக் கல். நீல வெளிச்சம் சுற்றியிருந்த பாறையெல்லாம் வழிந்தது. மூச்சுவிடவே மறந்துபோனேன். ஆனால் எனக்கு முன்பே ஒருவர் பிக்காசோடு பக்கத்தில் நின்றார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. எங்கள் தேயிலை மலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, பிரித்துக் கொடுப்பார். அடுத்தவர் நிரையில் ஒரு கொழுந்து கிள்ளினாலும் அது திருட்டுதான். அந்தப் பழக்கத்தில் ஒதுங்கி நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஆறு பேர் ஓடிவந்து கல்லைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் அடிக்கவில்லை.

விளையாட்டுக்குள்ளேயே பேசலாம் என்பதால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கச்சியிடம் சொன்னேன்.

"ஐயோ அக்கா, அவங்க ஒனக்காகத்தான் நிக்கிறாங்க! எல்லாரும் சேந்து அடிச்சா ஆளுக்கொரு முழுக் கல்லு கெடைக்கும். கல்லு ஒடைஞ்ச பொறகு வந்தா ஒன்னுமில்ல. போய் அடி!"

"அடுத்தவங்க நிரையில எப்புடிடி கை வைக்கிறது?" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

சரியென்று கிளம்பும்போது மூடுபனி இறங்கி சிக்னல் போய்விட்டது. படம் அப்படியே நின்றது. நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போய் போனைத் தூக்கிப் பிடித்தேன். கதவு போச்சு என்று அழுகையே வந்தது. நல்லவேளையாகப் படம் மீண்டும் அசைந்தது. கல் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஏழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தார்.

ஓடிப்போய் அடித்தேன். எட்டுப் பிக்காசும் ஒன்றாக விழுந்தன. கல் வெடித்து வானம் முழுக்க நீலப் பொறி பறந்தது. ஆளுக்கொரு கல் கிடைத்தது. அவர்கள் குதித்துக் கும்மாளம் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். என்ன நாடு, என்ன பாஷை, ஒன்றும் தெரியாது.

கால் குணமாகி மலைக்குத் திரும்பி எவ்வளவோ நாளாயிற்று. தங்களுக்கு வேண்டியது கண் முன்னே மறைந்துகொண்டிருந்தும், முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கையைக் கட்டி நின்ற அந்த ஏழு பேரை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.